உங்களுக்குத் தெரியுமா? முணுமுணுக்கும் ரேடியோக்கள்

பேச்சு கிடையாது, பாட்டு கிடையாது. தன் பெயரை மட்டும் மோர்ஸ் ஒலியில் ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும் ரேடியோ நிலையங்கள் உலகமெங்கும் உண்டு. 'பீக்கன்' என்பார்கள். கலங்கரை விளக்கத்தின் ரேடியோ அவதாரம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இரைச்சலுக்குள் இவற்றைத் தேடிப் பிடிப்பதே சிலருக்குப் பொழுதுபோக்கு.

● விமானங்களுக்கு வழிகாட்ட வைத்த பீக்கன்கள் பல, 25 வாட் அளவில் இயங்குபவை. பகலில் அக்கம்பக்கத்தோடு சரி. இரவில் அலைகளை விழுங்கும் வானடுக்கு மறைந்துவிடுவதால் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டியும் கேட்கும். ஜிபிஎஸ் வந்தபின் பல நாடுகளில் இவை மூடப்பட்டு வருகின்றன.

● அமெரிக்காவில் 160 முதல் 190 கிலோஹெர்ட்ஸ் வரை லைசென்ஸ் இல்லாமலே எவரும் பீக்கன் வைக்கலாம். நிபந்தனை: 1 வாட்டுக்கு மேல் கூடாது, ஏரியல் 15 மீட்டரைத் தாண்டக் கூடாது. அந்த அலையின் நீளமோ ஒன்றரை கிலோமீட்டருக்கும் மேல்! ஊட்டும் மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகவே வீணாகிவிடும். மிச்சத்தைப் பிடிக்கத்தான் இத்தனை பாடு.

● மோர்ஸை மிக மெதுவாக அனுப்பும் முறையும் உண்டு. ஒரு புள்ளிக்கு 60 விநாடி என்றால் ஒரு கோட்டுக்கு 3 நிமிடம். காதால் கேட்டுப் பயனில்லை. கணினித் திரையில் கோடாக வரைந்து கண்ணால் படிக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் இந்தப் பக்கம் வராமலிருப்பது நல்லது.

● காதுக்கு எட்டாத சிக்னலையும் கணினி படித்துவிடும் 'விஸ்பர்' முறையை 2008-இல் தந்தவர் ஜோ டெய்லர். 1993-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே விஞ்ஞானிதான். நிலையத்தின் பெயர், இடம், திறன் இவ்வளவே செய்தி. அனுப்ப ஏறக்குறைய 2 நிமிடம். 0.2 வாட்டில் கண்டம் தாண்டுவது இதில் சகஜம்.

● உலகின் 18 பீக்கன்கள் 14.100 மெகாஹெர்ட்ஸில் வரிசை போட்டு, ஆளுக்கு 10 விநாடி பேசுகின்றன. ஒரு சுற்று 3 நிமிடம். பெயரையும் முதல் நெடிய ஒலியையும் 100 வாட்டில் அனுப்பும். அடுத்த ஒலி 10 வாட், அடுத்தது 1, கடைசி 0.1. எத்தனை ஒலி காதில் விழுகிறது என்று எண்ணினாலே அன்றைய வானத்தின் நிலை தெரிந்துவிடும். நம் பழைய 'ஜீரோ வாட்' பல்புகூட 12, 15 வாட் இழுக்கும் என்பதை நினைத்துக்கொண்டு அந்த 0.1-ஐக் கேட்டுப்பாருங்கள்!

● அந்த 18-இல் கொழும்பும் ஒன்று, பெயர் 4எஸ்7பி. மணி 9 என்றால், 9 மணி 1 நிமிடம் 30 விநாடிக்கு அதன் முறை. அதற்கடுத்து தென்னாப்பிரிக்கா. சாதாரண ஏ.எம். பெட்டி போதாது, எஸ்.எஸ்.பி. வசதி வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கொழும்பு கேட்காமல் தென்னாப்பிரிக்கா கேட்டால் பெட்டியைத் திட்டாதீர்கள். வானில் பட்டுத் திரும்பும் அலை, பக்கத்து ஊரைத் தாண்டித் தொலைவில்தான் பெரும்பாலும் இறங்கும்.