கிண்ணம் நிறைய உமி, கூண்டில் பட்டினி
பின்ச் குருவி வளர்க்கத் தொடங்குவோர் அறிய வேண்டியவை

கூண்டில் தீனிக் கிண்ணம் நிறைந்திருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. ஆனாலும் வாங்கி வந்த மூன்றாம் நாள் காலையில் குருவிகள் இரண்டும் கூண்டின் அடியில் செத்துக் கிடக்கின்றன. பின்ச் குருவி வளர்க்கத் தொடங்கும் வீடுகளில் அடிக்கடி நேரும் இழப்பு இது. கடைக்காரர் நோய்க் குருவியைத் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் முதலில் தோன்றும். கிண்ணத்தை எடுத்து வாயால் ஊதிப் பார்த்தால் உண்மைக் காரணம் தெரியும். அத்தனையும் பறந்து போகும். அடியில் ஒரு மணி தினைகூட இராது.

இந்தக் குருவி தானியத்தை அப்படியே விழுங்குவதில்லை. அலகில் வைத்து உருட்டி, உமியைக் கழற்றி, உள்ளிருக்கும் அரிசியை மட்டும் தின்னும். கழித்த உமி கிண்ணத்திலேயே விழும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குக் கிண்ணம் குறையவே இல்லை என்று தோன்றும். பின்ச் குருவியின் எடை ஏறத்தாழ 12 கிராம்தான். கோழியைப் போல ஒரு வேளை இரை இல்லாமல் சமாளிக்கும் உடம்பு அதற்கு இல்லை. ஒரு நாள் முழுவதும் பட்டினி கிடந்தாலே உயிருக்கு ஆபத்து. ஆகவே காலையிலும் மாலையிலும் கிண்ணத்தை ஊதி உமியை நீக்க வேண்டும். களத்தில் தூற்றிப் பழகிய குடும்பத்துக்கு இது அரை நிமிட வேலை.

எந்தக் குருவியை வாங்குவது?

முதன்முதலாக வளர்ப்போருக்கு ஏற்றவை இரண்டு. ஒன்று, ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா பின்ச். ஆண் குருவியின் கன்னத்தில் ஆரஞ்சு நிறத் திட்டு இருக்கும். மார்பில் கறுப்பு வரிகளும், விலாவில் செம்பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகளும் இருக்கும். பெட்டைக்கு இவை இல்லை. அலகின் சிவப்பும் சற்று வெளிறியிருக்கும். ஆகையால் சோடி சேர்ப்பது எளிது. முழு வெள்ளை ரகத்தில் மட்டும் அலகின் நிறத்தை வைத்தே பிரித்தறிய வேண்டும்.

மற்றொன்று பெங்காலீஸ் பின்ச். பெயரைக் கேட்டு வங்காளத்துக் குருவி என்று எண்ணிவிட வேண்டாம். சீனாவிலிருந்து கொண்டுபோன சில்லைக் குருவிகளை ஜப்பானியர் பல தலைமுறை வளர்த்து உருவாக்கிய வளர்ப்பு இனம் இது. காட்டில் எங்கும் கிடையாது. பிற இனங்களின் முட்டைகளைக்கூட அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் சாதுவான பறவை.

வயல் வரப்பில் கூட்டமாக வந்து இறங்கும் புள்ளிச் சில்லையும் வெண்முதுகுச் சில்லையும் இவற்றுக்கு நெருங்கிய உறவுதான். அவற்றைக் கண்ணி வைத்துப் பிடித்துக் கூண்டில் அடைப்பது 1972-ஆம் ஆண்டுக் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சந்தைகளில் பச்சை, சிவப்புச் சாயம் பூசி ‘வெளிநாட்டுக் குருவி’ என்று விற்கப்படுபவை பெரும்பாலும் இந்தச் சில்லைகளே. வாங்குபவரும் மாட்டிக்கொள்வார், சாயம் ஏறிய குருவியும் அதிக நாள் தங்காது. ஜாவா குருவி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இனம். 2022-இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு அதை வைத்திருப்போர் வனத்துறையில் பதிவு செய்ய வேண்டியதாயிற்று. ஜீப்ரா பின்ச்சுக்கும் பெங்காலீசுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

வாங்கும்போது கூண்டுக்கு எதிரே கொஞ்ச நேரம் நின்று பார்க்க வேண்டும். ஓயாமல் தாவுகிற, கண் பளிச்சென்று இருக்கிற குருவியே நல்லது. பகலில் இறகைப் பந்துபோல் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், மலப்பகுதியில் எச்சம் ஒட்டியிருப்பதும் நோய்க்குறி. ஒற்றைக் குருவியாக வாங்கக் கூடாது. கூட்டத்தில் வாழும் பறவை தனிமையில் சோர்ந்துபோகும்.

கூண்டு

உயரமான அலங்காரக் கூண்டைக் கண்டு மயங்க வேண்டாம். பின்ச் குருவி மேலும் கீழும் ஏறாது, பக்கவாட்டில்தான் பறக்கும். எனவே நீளம்தான் முக்கியம். ஒரு சோடிக்கு 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் போதும். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. தோட்டத்து வீடுகளில் கால் அங்குல வலை இன்னும் நல்லது. காரணம் பாம்பு. ஓலைக் கூரையிலிருந்து இறங்கும் மெல்லிய பாம்பு அரை அங்குல இடைவெளியில் நுழைந்துவிடும். குருவியை விழுங்கியபின் வயிறு பருத்து வெளியேற முடியாமல் கூண்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும். காலையில் தீனி வைக்கக் கை விடுபவர் கதி என்னவாகும்?

பாம்பைவிட அதிக நாசம் செய்வது எறும்பு. முட்டையிலிருந்து அன்று வெளிவந்த குஞ்சை ஒரே இரவில் தின்று முடித்துவிடும். கூண்டை ஒரு மேசைமேல் வைத்து, மேசையின் நான்கு கால்களையும் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துவதே நல்ல காப்பு. கொசு பெருகாதிருக்கத் தண்ணீரை மூன்று நாளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். மேசையோ கூண்டோ சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால் இந்த ஏற்பாடு வீண். எறும்புப் பொடியைக் கூண்டருகே தூவவே கூடாது.

கூண்டுக்குத் திண்ணையே தக்க இடம். காலை வெயில் சற்று நேரம் விழலாம். உச்சி வெயில் ஆகாது. தகரக் கூரையின் அடியில் சித்திரை, வைகாசியில் கூண்டு வைத்தால் குருவி வெந்துபோகும். அடுப்புப் புகையும் கொசுவர்த்திப் புகையும் படாத இடமாக இருக்க வேண்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் நாளில் காற்று வீட்டுப் பக்கம் அடித்தால் கூண்டை உள்ளே எடுத்துவிட வேண்டும். தெளிப்பானையும் மருந்து டப்பாவையும் கூண்டு இருக்கும் திண்ணையில் வைக்கும் பழக்கத்தையும் விட வேண்டும்.

உட்காருவதற்கு வேப்பங்குச்சி, கொய்யாக் குச்சி போன்றவற்றைப் பட்டையோடு, பல பருமன்களில் கட்டலாம். ஒரே பருமனான வழவழப்புக் குச்சியில் உட்கார்ந்தால் பாதம் புண்ணாகும். தீனிக்கும் தண்ணீருக்கும் நேர் மேலே குச்சி இருந்தால் எச்சம் உள்ளே விழும்.

தீனி

இந்த விஷயத்தில் சிறு விவசாயிக்கு ஒரு வசதி. கடைக்காரர் பொட்டலம் கட்டி விற்கும் ‘பின்ச் தீனி’ பெரும்பாலும் தினையும் பனிவரகும்தான். உமி நீக்காத தினையை முக்கால் பங்கும், சாமை, குதிரைவாலி, பனிவரகில் கிடைப்பதை மீதியுமாகக் கலந்துகொள்ளலாம். ஒரு குருவிக்கு நாளொன்றுக்கு ஒரு தேக்கரண்டி போதும். ஆனாலும் கிண்ணத்தில் எப்போதும் சற்றுக் கூடுதலாகவே இருக்க வேண்டும்.

ஆனால் விதைக்கென்று மருந்து கலந்து நேர்த்தி செய்த தானியத்தில் மிச்சம் இருக்கிறதே என்று ஒரு பிடிகூடப் போடக் கூடாது. விதைப்புக் காலத்தில் இந்தத் தவறு எளிதில் நேரும். நேர்த்தி செய்த பையைத் தனியே, அடையாளம் இட்டு வைப்பது நல்லது. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்த தினையும் நஞ்சே. தானியத்தில் உயிர் இருக்கிறதா என்று அறிய விதை முளைப்புச் சோதனையே போதும்: ஈரத் துணியில் பத்து மணியை முடிந்து வைத்து, எட்டாவது முளைத்தால் அது நல்ல தீனி.

தானியம் மட்டுமே போட்டால் குருவி உயிரோடு இருக்கும். ஆனால் குஞ்சு தேறாது. மருந்து படாத முருங்கைக்கீரை, கொத்தமல்லி, பால் பிடித்த தினைக் கதிர், வரப்பிலுள்ள புல் கதிர் ஆகியவற்றை வாரத்தில் மூன்று நான்கு நாள் கொடுக்கலாம். கொத்தோடு கட்டித் தொங்கவிட்டால் விளையாடிக்கொண்டே கொத்தும். கணவாய் ஓட்டைக் கம்பியில் எப்போதும் செருகி வைத்திருக்க வேண்டும். கிடைக்காத ஊரில் கோழிமுட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காயவைத்து, பொடித்து வைக்கலாம். இந்தச் சுண்ணாம்புச் சத்து இல்லாத பெட்டைக்கு முட்டை உள்ளேயே சிக்கிக்கொள்ளும். கூண்டின் தரையில் உப்பி உட்கார்ந்து முக்கும் பெட்டையை உடனே வெதுவெதுப்பான இடத்துக்கு மாற்றிக் கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். தாமதித்தால் பிழைப்பது அரிது.

குஞ்சு பொரித்தபின் அவித்த முட்டையை மசித்து ஒரு தேக்கரண்டி வைக்கலாம். ஊறவைத்து முளைகட்டிய தினையும் நல்லது. இவ்விரண்டும் நம் வெயிலில் விரைவில் புளித்துவிடும். காலையில் வைத்ததைப் பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். உப்பிட்ட பண்டம், எண்ணெய்ப் பலகாரம் எதுவும் ஆகாது. குடிநீரைத் தினமும் இரண்டு முறை மாற்ற வேண்டும். குளிக்க ஓர் ஆழமற்ற தட்டில் அரை அங்குலத் தண்ணீர் வைத்தால் அடிக்கிற கூத்தைப் பார்க்கக் குழந்தைகள் கூடிவிடுவார்கள்.

கூடு கட்ட வாய் குறுகிய சிறு மண்கலயத்தைக் கூண்டின் மேல் மூலையில் கட்டிக் காய்ந்த புல்லைக் கொடுக்கலாம். நூலும் பஞ்சும் கொடுத்தால் காலில் சுற்றிக்கொள்ளும். ஆறு மாதம் நிறைந்த குருவிக்குத்தான் கலயம் வைக்க வேண்டும். நான்கு முதல் ஆறு முட்டை வரை இடும். ஆணும் பெட்டையும் மாறி மாறி 12 முதல் 14 நாள் அடைகாக்கும். குஞ்சு மூன்று வாரத்தில் கூட்டைவிட்டு வெளிவரும். தானே உமி நீக்கித் தின்ன ஐந்து வாரம் ஆகும். அதற்குமுன் தாயைப் பிரித்தால் குஞ்சும் நிறைந்த கிண்ணத்தின் அருகே பட்டினி கிடக்கும்.

கலயத்தை எடுக்காவிட்டால் ஜீப்ரா பின்ச் ஓயாமல் முட்டையிட்டு உருக்குலைந்துபோகும். இரண்டு ஈடு குஞ்சு எடுத்ததும் கலயத்தைக் கழற்றி மூன்று மாதம் ஓய்வு தர வேண்டும். மிஞ்சும் குஞ்சுகளை விற்கலாம் என்று கணக்குப் போடுவோர், பக்கத்து ஊர்க் கடை எத்தனை எடுத்துக்கொள்ளும் என்பதை முதலிலேயே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்கு ஏற்றபடி கலயம் கட்டலாம்.