தொலைவில் இருக்கும் ஆட்சிக்கு மக்கள் போடும் மதிப்பெண்

நாடுகளுக்கு மேலே நிற்கும் ஓர் ஆட்சியை மக்கள் எதை வைத்து எடைபோடுகிறார்கள் என்பது ஐரோப்பிய ஒன்றியத்தில் நெடுநாளாக ஆராயப்படும் கேள்வி. அதன் நாடாளுமன்றத்துக்கு 1979இல் நடந்த முதல் நேரடித் தேர்தலில் சுமார் 62 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 2014இல் அது 43 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. 2019, 2024 தேர்தல்களில் பாதியைச் சற்றே தாண்டியது. வாக்களிப்பவர்களிலும் பலர், உள்நாட்டு ஆளுங்கட்சி மேலுள்ள கோபத்தைத்தான் அங்கே காட்டுகிறார்கள் என்று ரைஃப், ஷ்மிட் என்ற இரு அறிஞர்கள் 1980இலேயே எழுதினார்கள். இத்தகைய ஆட்சிக்கு ஃபிரிட்ஸ் ஷார்ப் என்ற அறிஞர் இரண்டு அளவுகோல்களை வைத்தார்: மக்கள் சொல்வது ஆட்சியின் காதில் விழுகிறதா, ஆட்சியால் மக்களுக்குக் கிடைப்பது என்ன.

இந்திய அரசு நாடுகளுக்கு மேற்பட்ட ஆட்சி அல்ல. ஆனாலும் முடிவெடுக்கும் இடத்துக்கும் அதன் விளைவைச் சுமக்கும் இடத்துக்கும் உள்ள தூரத்தைக் கடலூர் மாவட்டத்திலேயே பார்க்கலாம். 1956இல் தொடங்கப்பட்ட நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம், இன்றைய என்எல்சி இந்தியா, மத்திய நிலக்கரி அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. அதன் டவுன்ஷிப்பைப் பராமரிப்பதும் நிறுவனமே. டவுன்ஷிப்பின் ஒரு வட்டத்தில் (பிளாக்) தெருவிளக்கு எரியவில்லை என்றால் புகார் போவது வார்டு கவுன்சிலரிடம் அல்ல, நிறுவனத்தின் நகர நிர்வாகத்திடம். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்களிக்கும் குடியிருப்புவாசிக்கு, தன் தெருவை நடத்துபவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்கு மட்டும் இல்லை.

இதற்காக டவுன்ஷிப்புக்குள் யாரும் கொடி பிடிப்பதில்லை. அகலமான சாலை, நிழல் தரும் மரங்கள், குவார்ட்டர்ஸ், பள்ளி, மருத்துவமனை எல்லாம் கிடைக்கும்போது, ‘எங்களைக் கேட்டீர்களா’ என்ற கேள்வி பின்னுக்குப் போய்விடுகிறது. ஷார்ப்பின் இரண்டாவது அளவுகோல் முதலாவதை விழுங்கிவிடுகிறது. உள்ளாட்சியின் பெருமை பேசுகிறவர்களுக்கு இது சற்றுச் சங்கடமான செய்திதான்.

சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களில் கணக்கு வேறு. நிலம் போனது, வேலை வந்ததா என்பதே அங்கே முதல் கேள்வி. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை வேண்டும் என்பதும், ஒப்பந்தத் தொழிலாளரை நிரந்தரமாக்க வேண்டும் என்பதும் ஓயாத கோரிக்கைகள். யாரைக் கேட்பது என்பதோ அதைவிடச் சிக்கல். நிறுவனம் மத்திய அரசுடையது. நிலத்தைக் கையகப்படுத்திக் கொடுப்பது மாநில அரசு, அதுவும் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படி. தாசில்தாரிடம் கேட்டால் நிறுவனத்தைக் காட்டலாம். நிறுவனத்திடம் கேட்டால் தாசில்தாரைக் காட்டலாம். பொறுப்பு இப்படிப் பிரிந்து கிடந்தால் மதிப்பெண் யார் பெயரில் விழும்?

பெரும்பாலும் பக்கத்தில் தெரியும் ஆட்சியின் பெயரில்தான். தொலைவிலுள்ள ஆட்சியைப் பற்றி அதிகம் தெரியாதவர்கள், தெரிந்த ஆட்சியை வைத்தே அதை அளக்கிறார்கள் என்று ஐரோப்பிய ஆய்வுகளில் கிறிஸ்டோபர் ஆண்டர்சன் காட்டினார். சான்செஸ்-குவென்கா கண்டது இதற்கு எதிர்த்திசை: சொந்த நாட்டு நிர்வாகம் மோசமாக இருக்கும் இடத்தில்தான் மேலே உள்ள ஆட்சிமேல் நம்பிக்கை கூடுகிறது. ஒரே ஊரில் ஒருவர் ‘டெல்லிக்காரன் கேட்கமாட்டான்’ என்பதும், இன்னொருவர் ‘மாநிலத்திடம் கொடுத்தால் கெட்டுப்போகும்’ என்பதும் இந்த இரு போக்குகளே.

மேலே குரல் எட்டவே எட்டாது என்றும் சொல்ல முடியாது. 2006இல் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கை விற்க மத்திய அரசு முடிவெடுத்தபோது, கூட்டணியில் இருந்த திமுக எதிர்த்தது. பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விற்பனை முடிவுகளையே நிறுத்திவைத்தார். 2013இல் மீண்டும் விற்பனை என்றதும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்க, ஜெயலலிதா அரசு 3.56 சதவீதப் பங்கை மாநில அரசு நிறுவனங்களே வாங்க வைத்தது. 2023 ஏப்ரலில் காவிரி டெல்டாவின் நிலக்கரி வட்டாரங்கள் ஏலப் பட்டியலில் இருப்பது தெரிந்து சட்டமன்றம் ஒரே குரலில் எதிர்த்தது. 5ஆம் தேதி சட்டமன்றத்தில் பேச்சு, 8ஆம் தேதி அவற்றை நீக்குவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷியின் அறிவிப்பு. மூன்று முறையும் டெல்லிவரை போனது ஒரு மாநிலத்தின் குரல், அல்லது மாநிலத்தையே அசைத்த தொழிற்சங்கங்களின் குரல்.

ஒரு கிராமத்தின் குரலுக்கு அந்த எடை கிடைப்பதில்லை. அதே ஆண்டு ஜூலை 26 அன்று சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, வளையமாதேவி கிராமத்தில் கதிர் பிடித்து நின்ற நெல்வயலுக்குள் பொக்லைன் இறங்கியது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டது என்பது நிறுவனத்தின் பதில். காகிதத்தில் அது சரியாகவே இருக்கலாம்; அறுவடைக்கு முன் இறங்கிய பொக்லைனுக்கு அது பதில் ஆகாது. இரண்டு நாள் கழித்து நெய்வேலியில் நடந்த பாமக போராட்டம் வன்முறையில் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே, அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு என்ற உத்தரவு வந்தது.