பொருத்திய பல் நிலைக்க வேண்டுமா? புகையை நிறுத்தச் சொல்லுங்கள்!

‘பல் போனால் சொல் போச்சு’ என்பார்கள். எங்கள் வீட்டில் பல் போய், அதற்காகக் கட்டிய பணமும் போய், கடைசியில் ஒரு பொய்யும் வெளியே வந்தது. அந்தக் கதையைச் சொன்னால் நாலு பேருக்காவது உபயோகமாக இருக்குமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவருக்குக் கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று சொத்தையாகி, பிடுங்க வேண்டியதாகிவிட்டது. கழற்றி மாட்டும் பல் செட் அவருக்குப் பிடிக்கவில்லை. ‘இம்ப்ளான்ட்’ வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தோம். பல் டாக்டரம்மா ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டார். சர்க்கரை உண்டா? பிரஷர் உண்டா? பீடி, சிகரெட், புகையிலை உண்டா?

“அதெல்லாம் கிடையாதுங்க” என்றார் இவர், சட்டைப் பையைக் கையால் மூடிக்கொண்டு. நான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முன்னால் புருஷனை விட்டுக்கொடுப்பதா என்ற நினைப்பு! மூன்றாவது மாதம் திருகு ஆட ஆரம்பித்தது. அதை எடுத்துவிட வேண்டியதாயிற்று.

அன்றைக்குத்தான் நான் வாயைத் திறந்தேன். “டாக்டர், இவர் ஒரு நாளைக்குப் பத்து சிகரெட்டாவது பிடிப்பார்.” டாக்டரம்மா கோபிக்கவில்லை. “நீங்க சொன்ன தகவல் தப்புன்னா, நான் போட்ட கணக்கும் தப்பாத்தாம்மா இருக்கும்” என்று மட்டும் சொன்னார். பிறகு பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினார்.

எலும்போடு ஒட்டும் திருகு

இம்ப்ளான்ட் என்பது டைட்டானியம் என்ற உலோகத்தால் ஆன சின்னத் திருகு. பல் இருந்த இடத்தில் தாடை எலும்பில் துளையிட்டு அதைப் பொருத்துகிறார்கள். பல்லுக்கு வேர் எப்படியோ, அப்படி இது. இதன் மேல்தான் பல் போன்ற தொப்பியை மாட்டுவார்கள்.

ஸ்வீடன் நாட்டு டாக்டர் பேர்-இங்வார் பிரானமார்க் 1952-ல் முயலின் கால் எலும்பை ஆராய்ந்துகொண்டிருந்தார். எலும்புக்குள் வைத்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு அதோடு ஒட்டி வளர்ந்திருந்தது! அதிலிருந்து பிறந்ததுதான் இந்தச் சிகிச்சை. 1965-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இம்முறையில் பல் பொருத்தினார்.

ஆக, திருகைப் பிடித்து நிறுத்துவது பசையோ சிமென்ட்டோ இல்லை, நம் எலும்பேதான். அது ஒட்டி முடிய பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். நட்ட செடி வேர் பிடிக்கும் காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்தச் சமயத்தில் செடிக்குத் தண்ணீர் எப்படியோ, எலும்புக்கு ரத்த ஓட்டம் அப்படி.

புகை என்ன செய்கிறது?

சிகரெட்டிலும் பீடியிலும் உள்ள நிகோடின், ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ஈறுக்கும் எலும்புக்கும் போக வேண்டிய ரத்தம் குறைகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ, ரத்தத்தில் பிராண வாயு ஏற வேண்டிய இடத்தில் தான் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. காயம் ஆறத் தாமதம், கிருமி தொற்ற வசதி. பற்றாததற்கு, புகையை உறிஞ்சி இழுக்கும் வேகமும் சூடும் புதுக் காயத்துக்கு ஆகாது.

புகைப்பவர்கள் எல்லோருக்குமே இம்ப்ளான்ட் விழுந்துவிடும் என்பதல்ல. பலருக்கு நின்றும் இருக்கிறது. ஆனால், புகைக்காதவர்களோடு ஒப்பிட்டால் அது தோல்வியடையும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று பல ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

ஒட்டிவிட்டால் அப்புறம் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். சில வருஷம் கழித்துக்கூட திருகைச் சுற்றியுள்ள ஈறு சீழ் பிடித்து, எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கரையலாம். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஈறு கெட்டால் பல் துலக்கும்போது ரத்தம் வரும், நாமும் உஷாராகிவிடுவோம். புகைப்பவர்களுக்கோ ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதால் ரத்தம் அவ்வளவாக வராது. வலியும் பெரும்பாலும் இராது. “எனக்கு ஈறு கல்லு மாதிரி இருக்கு” என்று இவர் பெருமை அடித்துக்கொண்டதன் அர்த்தம் எனக்கு அன்றுதான் புரிந்தது!

வெற்றிலையோடு புகையிலை அடக்குகிறவர்களும் தப்பிக்க முடியாது. அதிலும் நிகோடின் இருக்கிறது. அடக்கிய இடத்து ஈறும் புண்ணாகிறது.

“வெறும் ஆவிதானே, சித்தி?”

பெங்களூரில் வேலை பார்க்கும் என் அக்கா மகன் ஒருமுறை வந்திருந்தான். மாடியில் மாம்பழ வாசனை! எட்டிப் பார்த்தால், பேனா மாதிரி ஒன்றை வாயில் வைத்து ஊதிக்கொண்டிருக்கிறான். “இது புகை இல்லை சித்தி, வெறும் ஆவி. சித்தப்பாவுக்கும் ஒண்ணு வாங்கிக் கொடுங்க, சிகரெட்டை விட்டுடுவார்” என்று யோசனை வேறு.

டாக்டரம்மாவைக் கேட்டேன். “வேப்பும் இ-சிகரெட்டும் ஒண்ணுதாம்மா. அது தண்ணீர் ஆவி இல்லை. கிளிசரின், புரோபிலீன் கிளைகால், வாசனைப் பொருள், பெரும்பாலும் நிகோடினும் சேர்ந்த திரவத்தைச் சூடாக்கி இழுக்கறாங்க” என்றார். நிகோடின் எந்த வழியில் போனாலும் ரத்தக் குழாயைச் சுருக்கத்தானே செய்யும்? வாயும் உலர்ந்து போகும். உமிழ்நீர் குறைந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். வேப் வந்து அதிகக் காலமாகாததால் சிகரெட் அளவுக்கு நீண்ட கால அனுபவம் இல்லை. ஆனாலும், வேப் இழுப்பவர்களுக்குத் திருகைச் சுற்றி எலும்பு கூடுதலாகத் தேய்ந்திருப்பதைச் சில ஆராய்ச்சிகளில் பார்த்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2019-லேயே இவற்றை விற்பதைச் சட்டப்படி தடை செய்துவிட்டார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

* டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள். எத்தனை சிகரெட், எத்தனை வருஷம், வேப் உண்டா, புகையிலை உண்டா, எல்லாம். சர்க்கரை நோய் இருந்தால் அதையும் மறைக்கக் கூடாது.

* ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்பாவது புகையை நிறுத்தி, பிறகும் இரண்டு மாதமாவது தொடக்கூடாது என்பது டாக்டர்கள் சொல்லும் குறைந்தபட்சக் கணக்கு. அடியோடு விட்டுவிட்டால் பல்லோடு இதயமும் நுரையீரலும் பிழைக்கும்.

* முதல் சில நாட்களுக்குக் குழைந்த ரசம் சாதம், இட்லி, ஆறிய கஞ்சி போதும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்ச வேண்டாம். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிப்பதை எப்போது ஆரம்பிக்கலாம் என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

* புகைக்கும் ஆசை எழுந்தால் அது சில நிமிஷத்தில் தானே தணிந்துவிடும். அந்த நேரத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு நடை, பேச்சுத் துணை இருந்தால் போதும்.

* முடியவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம். புகையிலையை விட உதவும் மத்திய அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-11-2356.

* பல் மாட்டியாயிற்று என்று இருந்துவிடாமல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். இன்னும் புகைப்பவர் என்றால் அதற்கும் முன்னதாகவே.

இவர் ஒரே நாளில் விட்டுவிடவில்லை. நடுவில் ஒருநாள் ஸ்கூட்டர் பெட்டியில் தீப்பெட்டி கிடந்தது. நான் சண்டை போடவில்லை. அதை எடுத்து சாமி விளக்கருகே வைத்துவிட்டேன். சாயந்திரம் பார்த்தவர் ஒன்றும் பேசவில்லை. எலும்பு ஆறியபின், புகையை விட்டு நாலு மாதம் ஆனதும், இரண்டாம் தடவை திருகு வைத்தார்கள். இப்போது ஒன்றரை வருஷமாகிறது. முறுக்கைக் கடித்துக்கொண்டே, “தேங்காய் எண்ணெய் கொஞ்சம் குறைச்சல்” என்று குறை சொல்கிறார்.

முதல் தடவையே நான் தரையைப் பார்க்காமல் டாக்டர் முகத்தைப் பார்த்திருந்தால், ஒரு வலியும் முப்பதாயிரம் ரூபாயும் மிச்சமாகியிருக்கும். சகோதரிகளே, டாக்டரிடம் உண்மையைச் சொல்வது கணவரை விட்டுக்கொடுப்பது ஆகாது. அந்த இடத்தில் மௌனமாக இருப்பதுதான் அவரை விட்டுக்கொடுப்பது.