தோள்பட்டை வலியும் விளையாட்டாளர்களும்

மாலை வேளையில் ஜொகூர் பாருவிலோ குளுவாங்கிலோ உள்ள ஒரு பூப்பந்து அரங்கில் சற்று நின்று பார்த்தால், ஆட்டத்தின் இடையே முதுகின் மேற்பகுதியைத் தேய்த்துவிட்டுக்கொள்ளும் மாணவர் ஒருவரையாவது காணலாம். தைலம் தடவினால் சரியாகிவிடும் என்று அவர் எண்ணுவார். மாவட்டப் போட்டி நெருங்கும் நேரமென்றால் பயிற்றுநரிடம் சொல்லவும் மாட்டார். குழுவிலிருந்து நீக்கப்படுவோமோ என்ற அச்சமே அதற்குக் காரணம்.

வலிக்கும் அந்த இடத்தில் இருப்பது தோள்பட்டை எலும்பு. முக்கோண வடிவிலான இத்தட்டை எலும்பு, முதுகின் மேற்புறத்தில் ஏறக்குறைய இரண்டாம் விலாவிலிருந்து ஏழாம் விலா வரை படர்ந்துள்ளது. உடற்கூட்டோடு இதனை இணைப்பது காறை எலும்பு ஒன்றுதான். மற்றபடி இது தன்னோடு இணைந்த 17 தசைகளின் பிடியிலேயே நிற்கிறது.

கையைத் தலைக்கு மேல் உயர்த்தும்போது ஏற்படும் 180 பாகை அசைவில், ஏறக்குறைய 120 பாகை தோள்மூட்டிலிருந்து வருகிறது. எஞ்சிய 60 பாகை தோள்பட்டை எலும்பு சுழல்வதால் கிடைக்கிறது. ஓயாமல் பந்தை ஓங்கி அடிப்பவருக்கு இந்த எலும்பைப் பிடித்திருக்கும் தசைகள் சோர்ந்துபோகின்றன. அப்போது எலும்பின் உள்விளிம்பு சிறகைப்போல் வெளியே துருத்தி நிற்கும். அடி தளர்ந்த கம்பத்தில் ஊஞ்சல் கட்டியதைப் போன்ற நிலை அது. முதுகில் வலி எடுக்கும். சிலருக்குத் தோளின் முன்புறமும் வலிக்கும்.

மருத்துவர் முதலில் பின்புறம் நின்று, இரு கைகளையும் மெதுவாக உயர்த்தி இறக்கச் சொல்வார். பிறகு தோள்பட்டை எலும்பைத் தம் கையால் தாங்கிச் சுழற்றிவிட்டு மீண்டும் உயர்த்தச் சொல்வார். வலி குறைந்தால் கோளாறு எங்குள்ளது என்பது பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

ஓங்கி அடிப்பதைச் சில காலம் நிறுத்த வேண்டும். ஆனால், கையை அசைக்காமலேயே வைத்திருப்பது நல்லதன்று. வலி மாத்திரையும் பனிக்கட்டி ஒத்தடமும் தற்காலிக ஆறுதல்தான். தசையை வலுப்படுத்துவதே உண்மையான சிகிச்சை. சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்காமல், மேல்முதுகு சற்றுப் பின்னே வளையுமளவு தள்ளுவது எளிய பயிற்சி. குப்புறப் படுத்துக் கைகளைத் தலைக்கு மேல் விரித்துத் தூக்குவது மற்றொன்று. கைப்பேசியைக் குனிந்து பார்த்தே இறுகிப்போன மார்புத் தசைகளையும் தளர்த்த வேண்டும். கால்களுக்கும் பயிற்சி உண்டு என்றால் மாணவர்கள் வியப்பார்கள். ஓங்கி அடிக்கும் வேகம் தரையிலிருந்து கால், இடுப்பு வழியாகத்தான் தோளுக்கு ஏறுகிறது. அங்கே குறைந்ததைத் தோள் ஈடுகட்ட முயலும்போது காயம் உண்டாகிறது.

இப்பயிற்சிகள் பலன் தரப் பல வாரங்கள் ஆகும். கை மரத்துப்போதல், இரவில் தூங்கவிடாத வலி, காய்ச்சல் ஆகியவை இருந்தால் மருத்துவரைக் காணத் தாமதிக்கக்கூடாது. மூச்சுத் திணறலோ நெஞ்சு வலியோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

அறுவை சிகிச்சை சிலருக்கே தேவைப்படும். மலாக்காவைச் சேர்ந்த கோ லியூ யிங், 2016 ரியோ ஒலிம்பிக்கில் சான் பெங் சூனுடன் கலப்பு இரட்டையரில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். தோள் காயத்தால் 2018-இல் ஜெர்மனியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, பல மாதங்கள் களத்தைவிட்டு விலகியிருந்தார். 2019 ஜனவரியில் தாய்லாந்து மாஸ்டர்ஸ் பட்டத்தை இவ்விணையே வென்றது.