ஓரியன் நெபுலா: கண்ணுக்குச் சாம்பல், கேமராவுக்குச் சிவப்பு. ஏன்?

சிறிய தொலைநோக்கியில் ஓரியன் நெபுலா சாம்பல் புகைபோலத்தான் தெரியும். படத்தில் மட்டும் செக்கச்செவேலென்று இருப்பது எப்படி?

மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் குச்சி செல்களே வேலை செய்கின்றன. அவற்றுக்கு நிறம் பிரித்தறியத் தெரியாது; ஹைட்ரஜன் உமிழும் 656.3 நானோமீட்டர் சிவப்பு அவற்றில் அநேகமாகப் பதிவதே இல்லை. கேமரா சென்சாரோ நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும்.

ஒரே படம் போதாதா? போதாது. அதில் இரைச்சல் புள்ளிகள் மண்டியிருக்கும். இவை படத்துக்குப் படம் மாறும், நெபுலா மாறாது. 100 படங்களை விண்மீன்களை வைத்துப் பொருத்திச் சராசரி எடுத்தால், இரைச்சல் பத்தில் ஒரு பங்காகிவிடும். மூடியைப் போட்டு எடுத்த 'டார்க்' படங்களைக் கழித்தால், இடம் மாறாத சென்சார் புள்ளிகளும் அகலும். பிறகு இருண்ட பகுதிகளை மெல்ல வெளிச்சமாக்க வேண்டும். அப்போது வெளிப்படும் சிவப்பு, சுமார் 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் ஹைட்ரஜன் உண்மையிலேயே உமிழ்ந்தது.