வாசலில் இரண்டு தொட்டிகள்

தஞ்சைச் சீமையில் புதிதாக வீடு கட்டுவோர் சிலருக்கு ஓர் ஆசை உண்டாகியிருக்கிறது. வாசற்படியின் இரு மருங்கிலும் ஒரே அளவான இரண்டு தொட்டிகள். அவற்றில் பந்துபோல் கத்தரித்த இரண்டு பச்சைச் செடிகள். மேனாட்டுப் படங்களில் நாம் காணும் அச்செடிக்குப் 'பாக்ஸ்' என்று பெயர். இலை சிறியது, குளிர்காலத்திலும் உதிராது, எப்படி வெட்டினாலும் பொறுத்துக்கொள்ளும். சுமார் 1,900 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ரோமானியரான இளைய பிளினி, தம் கிராமத்து மாளிகையில் இச்செடியை மிருகங்களின் உருவமாகவும் எழுத்துக்களாகவும் வெட்டி வைத்திருந்ததைக் கடிதமொன்றில் வருணித்திருக்கிறார். எஜமானன் பெயரோடு தோட்டக்காரன் பெயரும் அங்கே செடியாக நின்றதாம்!

அழகிய செடிதான், ஐயமில்லை. ஆயினும் அது மிதமான சீதோஷ்ணத்தில் வளர்வது. அதன் வேர் மேலாகவே படருமாதலால், சித்திரை வெயிலில் சூடேறிய தொட்டிக்குள் வாடிப்போகும். இலையோ நஞ்சு, மாடுகள் உலவும் நம் தெருக்களுக்கு அது தகுமா? வெயிலுக்கு அஞ்சிப் பிளாஸ்டிக் உருண்டைகளை வாங்கி வைப்பாரும் உளர். அவற்றைத் தூசி தட்டினால் போதும். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை.

தொட்டியில் செடி வைத்து வீட்டை அலங்கரிப்பது நமக்குப் புதிதன்று. கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் முற்றத்திலோ கொல்லையிலோ துளசி மாடம் இருக்கும். செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு இடுப்பளவு உயரத்தில் கட்டி, அகல் வைக்கப் பிறையும் அமைத்த அம்மாடம் தொட்டியல்லாமல் வேறென்ன? காலையில் வார்க்கும் ஒரு செம்பு நீரே அதன் பராமரிப்பு. இன்று முற்றத்துக்கு மேலே கூரை போட்டு மூடிவிடுகிறோம். வெயிலின்றித் துளசி தழைக்காது. ஆகவே செடிகள் மொட்டைமாடிக்கும் வாசலுக்கும் வந்துவிட்டன.

அங்கே நீர்தான் கவலை. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது மரபு. இடைப்பட்ட மாதங்களில் வாய்க்கால்கள் வறண்டு கிடக்கும். கிணற்று நீரும் கீழே போகும். நாள்தோறும் குடம் குடமாக நீர் கேட்கும் செடி அப்போது வீட்டுப் பெண்களின் முதுகை ஒடித்துவிடும்.

உருவத்தை மேனாட்டாரிடம் கடன் வாங்கலாம். செடி நம்முடையதாக இருக்கட்டும். மருதாணி வறட்சியைத் தாங்கும். வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டிய தழையும் வீணாகாது, குழந்தைகளின் கைகளைச் சிவக்க வைக்கும். இட்லிப் பூ என்னும் வெட்சியைக் குத்தாக வளர்த்தால் பூக்கொத்தே பந்தாகத் தோன்றும். காமினி என்றொரு செடி உண்டு. கறிவேப்பிலைக்கு நெருங்கிய உறவு. அதை ஆங்கிலேயர் 'சீனத்துப் பாக்ஸ்' என்றே அழைத்தனர். பச்சைப் பந்து வேண்டுவோர் இதையே நாடலாம். வெண்பூவின் மணம் உபரி லாபம். மருதாணியைவிட இதற்குச் சற்று அதிக நீர் வேண்டும்.

வயல் களிமண்ணை அப்படியே தொட்டியில் இடலாகாது. காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துவிடும். மணலும் மக்கிய எருவும் சம அளவு கலப்பது நலம். அடித்துளையின்மேல் ஓர் ஓட்டாஞ்சில்லு வைக்கவேண்டும். சுட்ட மண்தொட்டியில் நீர் கசிந்து ஆவியாவதால் வேர் குளிர்ந்திருக்கும். நம் தண்ணீர்ப் பானையின் சூட்சுமமே இதுவும். பங்குனி பிறந்ததும் தொட்டிகளை மேற்கு வெயில் படாத பக்கமாக நகர்த்திவிடலாம். நீர் விடுமுன் மேல்மண்ணில் விரலை ஒரு கணு அளவு செலுத்திப் பார்க்கவேண்டும். ஈரம் இருந்தால் அன்றைக்கு நீர் தேவையில்லை.