வாசல் கேட்டில் சீரியல் செட்

ஐப்பசி பிறந்தால் போதும், எங்கள் ஏரியாவில் அபார்ட்மென்ட்டுக்கு அபார்ட்மென்ட் போட்டி ஆரம்பித்துவிடும். மொட்டை மாடியிலிருந்து சரம் சரமாகத் தொங்கும் சீரியல் செட், மாடிப்படிக் கம்பியில் ஒரு சுற்று, பால்கனி கிரில்லில் ஒரு சுற்று, வாசல் கேட்டில் 'நல்வரவு' மாதிரி ஒரு வளைவு! தீபாவளிக்குக் கட்டியதை கார்த்திகைக்கு வைத்துக்கொள்வார்கள். கார்த்திகை முடிந்தால், "கிறிஸ்துமஸ் வருதே, மேல் வீட்டுக்காரங்க கொண்டாடுவாங்களே" என்பார்கள். அப்புறம் நியூ இயர், பொங்கல். கழற்றி மாட்டுவது இரட்டை வேலையாம்!

பார்க்க அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால், வடநாட்டில் தீபாவளி வறண்ட காலத்தில் வருகிறது. நமக்கோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்கிற மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. சரியாக அதே மூன்று மாதம்தான், நாம் இரும்புக் கம்பியெல்லாம் பார்த்துப் பார்த்து மின்சார ஒயரைச் சுற்றி வைக்கிறோம்.

எங்கள் குடியிருப்பில் 24 வீடுகள். 2022-ல் தீபாவளி அக்டோபர் 24. அன்று கேட்டில் கட்டிய சரம், டிசம்பர் 6 கார்த்திகை தீபம் முடிந்தும் அங்கேயே இருந்தது. இரவு முழுக்க எரியும். மாண்டஸ் புயல் வரப்போகிறது என்று டி.வி.யில் சொல்லிக்கொண்டிருந்த நேரம். 9-ம் தேதி விடியற்காலை, மழை சற்று விட்டிருந்தபோது, எங்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மா வழக்கம்போல் வாசல் பெருக்கிக் கோலம் போடப் போனார். ஈரத்தரையில் வெறுங்கால். கேட்டைத் தள்ளியிருக்கிறார்.

மேலே வந்தவருக்கு முகமே சரியில்லை. "அம்மா, கேட்டைத் தொட்டா சுர்ருனு இழுக்குதும்மா. நேத்தும் அப்படித்தான் இருந்திச்சு, வாட்ச்மேன் கிட்ட சொன்னேன், குளிர்ல கை மரத்துப் போயிருக்கும்னு சிரிக்கிறாரு" என்றார்.

கேட்டவுடன் எனக்குப் பகீர் என்றது. கீழே இறங்கிப் போய், பால் வாங்கப் போகிறவர்கள் யாரும் கேட்டைத் தொடாதபடி நிற்க வைத்து, வாட்ச்மேனை பிளக்கைப் பிடுங்கச் சொன்னேன். பிறகு எலெக்ட்ரீஷியன் வந்து, ரப்பர் செருப்பும் கையுறையுமாக மறுபடி பிளக்கைச் செருகி டெஸ்டரை வைத்தார். கேட்டுக் கம்பியில் மினுக்கென்று எரிந்தது! கேட்டைத் திறந்து மூடித் திறந்து மூடி, கீல் பக்கத்தில் அந்த நூல் மாதிரி ஒயர் நசுங்கி, செம்பு வெளியே தெரிந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக எத்தனை குழந்தைகள் அந்தக் கேட்டில் தொங்கி ஆடியிருக்கும்! அன்றிரவுதான் மாமல்லபுரம் அருகே புயல் கரையைக் கடந்தது. அந்த மழையில் கேட்டில் கரண்ட் இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அந்த எலெக்ட்ரீஷியனை விடாமல் கேள்வி கேட்டதில் தெரிந்துகொண்டவற்றை சகோதரிகளுக்குச் சொல்லவே இந்தக் கடிதம்.

"இத்தனூண்டு பல்பு, இதிலே என்ன ஷாக் அடிக்கப் போகுது?" என்று நாம் நினைக்கிறோம். பழைய சீரியல் செட்டில் ஆறு வோல்ட் பல்பு நாற்பதை வரிசையாகக் கோத்திருப்பார்கள். ஒவ்வொன்றும் ஆறு வோல்ட்தான், ஆனால் அந்தச் சரத்துக்குப் போவது நம் வீட்டு ஃபேனுக்கும் மிக்ஸிக்கும் வருகிற அதே 230 வோல்ட். ஒரு பல்பு கழன்று விழுந்தால் சரம் முழுக்க அணைந்துவிடும் அல்லவா? அப்போது அந்தக் காலி ஹோல்டரின் இரண்டு முனைகளுக்கிடையே முழு 230 வோல்ட்டும் நிற்குமாம். எரியவில்லையே என்று குழந்தை விரலை விட்டால் தீர்ந்தது. அணைந்த சரம்தான் அதிக ஆபத்து!

"இப்போதெல்லாம் எல்.இ.டி.தானே" என்பீர்கள். எல்.இ.டி. மின்சாரச் செலவைக் குறைக்கும், வாஸ்தவம். ஆனால் நடைபாதைக் கடையில் விற்கும் மலிவுச் சரங்கள் பலவற்றில், அந்தச் சின்னப் பெட்டி விளக்கை மினுக்க வைக்கத்தான், வோல்டேஜைக் குறைக்க அல்ல. ஒயரில் ஓடுவது அதே 230தான். அடாப்டரோடு வருகிற 12 அல்லது 24 வோல்ட் செட் என்றால் கொஞ்சம் விலை கூட. அதில் அடாப்டரை வீட்டுக்குள்ளேயே வைத்துவிட்டு, குறைந்த வோல்ட் ஒயரை மட்டும் வெளியே விடலாம். வெளியில் மாட்டுவதற்கானதா என்று அட்டையைப் பாருங்கள். ஐ.பி. 44 என்றால் சாரல் தாங்கும், ஐ.பி. 65 என்றால் தண்ணீரைப் பீய்ச்சினாலும் தாங்கும்.

எனக்கு இன்னொரு சந்தேகம். கேட்டில் கரண்ட் வந்தும் எம்.சி.பி. ஏன் விழவில்லை? எம்.சி.பி. விழுவதற்கு பல ஆம்பியர் ஓட வேண்டும். கேட்டுக்கு எர்த் கிடையாது, அதனால் கரண்ட் அப்படியே கம்பியில் காத்துக்கொண்டிருக்கும், யாராவது தொடும்வரை. மனித உடம்புக்கோ மில்லி ஆம்பியர் கணக்கே எமன். அந்தச் சின்னக் கசிவைக் கண்டுபிடித்து, கண் இமைப்பதற்குள் மின்சாரத்தை நிறுத்துவது ஆர்.சி.சி.பி. என்கிற வேறொரு சாதனம். பழைய ஆட்கள் ஈ.எல்.சி.பி. என்பார்கள். வீடுகளில் 30 மில்லி ஆம்பியருக்கு மேல் கசிந்தால் விழுகிற மாதிரி இருக்க வேண்டும் என்று மத்திய மின்சார ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறதாம். எங்கள் பொது மீட்டரில், மோட்டாருக்கும் லிஃப்ட்டுக்கும் என்னென்னவோ இருந்தது, அது மட்டும் இல்லை!

அசோசியேஷன் மீட்டிங்கில் இதைக் கிளப்பியபோது, "ஒவ்வொரு வருஷமும் போடறதுதானே, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் செக்ரட்டரி. "மூவாயிரத்துச் சொச்சம் ஆகும், அடுத்த பட்ஜெட்டில் பார்க்கலாம்" என்றார் பொருளாளர். சீரியல் செட்டுக்கும் பட்டாசுக்கும் அதற்கு மேல் செலவழித்த கணக்கு அவர் கையிலேயே இருந்தது. நாங்கள் எட்டுப் பெண்கள், "கேட்டை முதலில் தொடுவது நீங்கள் இல்லை சார், வாசல் தெளிக்க வருகிறவங்களும் ஸ்கூல் போகிற பிள்ளைகளும்தான்" என்று பிடித்த பிடியில் ஒப்புக்கொண்டார்கள்.

வேடிக்கை அத்தோடு முடியவில்லை. அடுத்த வருஷ மழையில் அந்த ஆர்.சி.சி.பி. பொசுக் பொசுக்கென்று விழ ஆரம்பித்தது. "தொல்லையா இருக்கு, கழற்றிடலாம்" என்று மறுபடி பேச்சு. நாய் குரைக்கிறதென்று நாயை விரட்டுகிற கதைதான்! எலெக்ட்ரீஷியன் தேடிப் பார்த்ததில், மாடிப்படித் திருப்பத்தில் ஒரு விளக்குக்குள் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. அதைச் சரி செய்த பின் விழுவதே இல்லை. அதில் 'டி' என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கினால் படக்கென்று விழ வேண்டும், விழாவிட்டால் மாற்ற வேண்டும். அமாவாசைக்கு அமாவாசை என்று நான் கணக்கு வைத்திருக்கிறேன்.

இப்போது எங்கள் குடியிருப்பில் கேட்டிலும் மாடிப்படிக் கம்பியிலும் விளக்கு கட்டுவதில்லை. முதல் மாடிச் சுவரில், கைக்கு எட்டாத உயரத்தில், ஆணி அடிக்காமல் பிளாஸ்டிக் கிளிப்பில் மாட்டுகிறோம். ஜாயின்ட்டுகளை செலோ டேப்பில் சுற்றுகிற வழக்கம் ஒழிந்தது. இரவு பத்து மணிக்கு அணைத்துவிடுகிறோம், அணைப்பதென்றால் சுவிட்சோடு விடாமல் பிளக்கையும் பிடுங்கி. பழைய வீடுகளில் சுவிட்சைத் தவறுதலாக நியூட்ரலில் கொடுத்திருப்பதுண்டு, அணைத்தாலும் ஒயரில் கரண்ட் நிற்கும். மழையில் கரண்ட் போனாலும் முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவதுதான், நடுராத்திரி திரும்பி வரும்போது ஒயர் தண்ணீரில் கிடந்தாலும் கிடக்கும். கார்த்திகை அகல் வைக்கிற கைப்பிடிச் சுவரில் ஒயர் போகக்கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பிளாஸ்டிக் உருகிவிடும்.

ஒருவேளை யாருக்காவது ஷாக் அடித்துவிட்டால், பதறிப்போய் கையைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுப்பவரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ தள்ளிவிட்டு, 108-ஐக் கூப்பிடுங்கள். எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லே" என்று சொன்னாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

எதிர் அபார்ட்மென்ட்டில் இந்த வருஷமும் கேட்டில்தான் சரம் தொங்குகிறது. அவர்கள் வாசலையும் எங்கள் வீட்டு அம்மாதான் தெளிக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை, எலெக்ட்ரீஷியனையும் அழைத்துக்கொண்டு நாங்கள் நான்கு பேர் அங்கே பேசப் போகிறோம்.

– ஓர் இல்லத்தரசி, சென்னை.